அறையில் நீங்கள் ஒருவர்தான்: வீட்டில் பாடல் பதிவு செய்யத் தொடங்குவோருக்கு

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடல் உருவாகும்போது பாடுபவர், வாசிப்பவர், கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து ஒலியைக் கவனிக்கும் பொறியாளர், 'இது போதும், அடுத்ததற்குப் போகலாம்' என்று முடிவு சொல்லும் தயாரிப்பாளர் என மூன்று நான்கு பேராவது அதைச் சுற்றி இருப்பார்கள். வீட்டில் அத்தனை வேலையும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. சாதாரணக் கேசட்டில் நான்கு டிராக்குகளை, அதாவது ஒலி வரிசைகளை, தனித்தனியே பதிவு செய்யும் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெட்டியை டியாக் நிறுவனம் 1979இல் வெளியிட்டதிலிருந்தே வீட்டில் பதிவு செய்வது பலருக்கும் எட்டும் காரியமாகிவிட்டது. இன்று ஒரு மடிக்கணினியில் நூறு டிராக்குகளை அடுக்கலாம். ஆகவே கருவி இப்போது தடையில்லை. 'சுருதி விலகியிருக்கிறது', 'இரண்டாம் சரணம் வேண்டாம்', 'இனி இதைத் தொடாதே' என்று சொல்ல அறையில் வேறு ஆள் இல்லாததுதான் தடை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை, இல்லாத அந்த ஆட்களின் வேலையை எப்படிப் பிரித்துச் செய்வது, எந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து ஒரு காதை வரவழைப்பது என்பதைப் பற்றியவை.

பதிவுக்கு முன்பே பாட்டை முடித்துவிடுங்கள்

வீட்டில் பதிவு செய்பவர்களிடம் பாதியில் நின்ற பாடல்கள் குவிந்து கிடப்பதற்கு முதற்காரணம், எழுதுவதும் பதிவு செய்வதும் ஒரே அமர்வில் நடப்பதுதான். மென்பொருளைத் திறந்து, எட்டுச் சுற்றுக்கு ஒரு தாளத்தை அமைத்து, அதன்மேல் கிட்டாரையோ கீபோர்டையோ வைத்துச் சுழலவிட்டுக் கேட்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரம் அதையே கேட்ட காதுக்கு, அடுத்து என்ன வரவேண்டும் என்பது தெரியாமற் போய்விடும். எனவே முதலில் ஒரே ஒரு வாத்தியத்தோடு, கைபேசியை மேசைமேல் வைத்து, பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் பாடிப் பதிவு செய்யுங்கள். சில நாள் அதைத் தொடாமல் விட்டு, பிறகு வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். கவனம் எங்கே நழுவுகிறதோ அங்கே பாட்டு நீண்டுவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் ஒரு சரணத்தை வெட்டுவது ஒரு நிமிட வேலை. முப்பது டிராக்குகளை அடுக்கிய பிறகு அதே வெட்டு ஒரு நாளைத் தின்றுவிடும், அதனாலேயே பலர் வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

சுருதி, வேகம், அமைப்பு ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதிய பிறகே கணினியைத் திறக்க வேண்டும். சுருதியைத் தேர்ந்தெடுக்க, பாட்டின் உச்சத்தில் வரும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, தொண்டை களைத்திருக்கும் வேளையில் தொடர்ந்து நான்கைந்து முறை பாடிப் பாருங்கள். அப்போதும் பிசிறில்லாமல் எட்டும் சுருதியே பதிவுக்கும் மேடைக்கும் ஏற்றது. வேகத்தை, சொற்கள் மிக நெருக்கமாக வரும் வரியை வைத்து முடிவு செய்யுங்கள். உற்சாகத்தில் மெட்ரோனோமைத் திருப்புபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் வேகமாகவே வைத்துவிடுகிறார்கள். பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மூச்செடுக்கும் இடங்களைக் கோடிட்டு வையுங்கள். எந்த வரிக்கு எந்த டேக், அதாவது எத்தனையாவது முறை பாடியது, சரியாக வந்தது என்று பின்னர் குறித்துக்கொள்வதற்கும் அந்தத் தாளே உதவும்.

அறையைக் கவனியுங்கள்

எந்த மைக் வாங்கலாம் என்று தேடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் புதியவர்கள் அறைக்குத் தருவதில்லை. மோசமான அறையில் வைத்த நல்ல மைக், அந்த மோசத்தை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான். அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின்னே உலோகம் அதிர்வது போன்ற ஒரு வால் நீண்டால், எதிரெதிரே வெறுமையாக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி மாறி மாறி மோதிக்கொண்டிருக்கிறது. தட்டிக்கொண்டே நகருங்கள். துணி அலமாரி, மெத்தை, நிறைந்த புத்தக அடுக்கு ஆகியவற்றின் அருகே அந்த வால் குறுகுவது உடனே தெரியும். குறுகும் இடங்களில் ஒன்றே நீங்கள் பாட வேண்டிய இடம். அறையின் சரி நடுவையும் மூலைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

சுவரில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 100 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒரு கீழ்ஸ்வரத்தின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அந்த அலைக்கு 5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு ஒரு பொருட்டே இல்லை. அது உயர் அதிர்வுகளை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கீழ் அதிர்வுகளை அப்படியே விட்டுவிடுவதால், அறை முன்பைவிட மந்தமாகவும், அதே சமயம் முன்போலவே குமுறலாகவும் ஒலிக்கும். சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டு நிறுத்திய, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத கனிமக் கம்பளிப் பலகைகளே கீழ்ப்பகுதியை ஓரளவேனும் கட்டுப்படுத்தும். முட்டை அட்டைகளால் பயன் மிகக் குறைவு, அவை எளிதில் தீப்பிடிக்கவும் கூடும். இவற்றில் எதுவுமே வெளிச்சத்தத்தை உள்ளே வரவிடாமல் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலியை உறிஞ்சுவது வேறு, அடைப்பது வேறு. அடைப்பதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் தேவை, அது கட்டடம் கட்டுபவரின் வேலை.

குரலைப் பதிவு செய்வதற்கு மட்டும் ஓர் எளிய வழி உண்டு. வீட்டில் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் முன்பக்கத்தை நன்றாகவும் பின்பக்கத்தை மிகக் குறைவாகவும் கேட்கும் கார்டியாய்டு வகையைச் சேர்ந்தவை. அப்படிப்பட்ட மைக் உங்களைப் பார்த்து நிற்கும்போது, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகையால் பலரும் செய்வதுபோல மைக்கின் பின்னால் போர்வையைத் தொங்கவிடுவதைவிட, பாடுபவரின் முதுகுப்புறத்தில் கனமான மெத்தை விரிப்பு ஒன்றைத் தொங்கவிடுவது அதிகப் பயன் தரும். கணினியின் மின்விசிறிச் சத்தத்துக்கும் இதே கணக்குதான்: கணினியை மைக்கின் பின்பக்கத்தில் வையுங்கள். பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்து, ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். குளிர்பதனப் பெட்டி, குழல்விளக்கு, கடிகாரம், தெரு என்று நீங்கள் கவனித்தே இராத சத்தங்கள் வரிசையாக வெளிப்படும்.

கருவிகளுக்கு ஒரு பத்தி போதும்

இரண்டு மைக்குகளைச் செருகிக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், காதை முழுதாக மூடும் ஹெட்போன், மைக் ஸ்டாண்டு, வாயிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், தரமான கேபிள் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். ஓசை மிகுந்த அறையில் இருப்பவர்களுக்கு டைனமிக் மைக்கையே நான் பரிந்துரைப்பேன். 1965இல் வந்த ஷூர் எஸ்.எம். 57 இன்றும் மேடையிலும் கூடத்திலும் ஒருசேரப் புழங்குவது சும்மா இல்லை. கண்டென்சர் மைக் நுணுக்கங்களை அதிகமாகப் பிடிக்கும், அண்டை வீட்டையும் சேர்த்துத்தான். அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தேவை என்பதால், ஒலியே வரவில்லை என்று பதறுமுன் அந்தப் பொத்தானைப் பாருங்கள். மென்பொருளில் இலவசமான கராஜ்பேண்ட் போன்றவையோ, பணம் செலுத்திப் பயன்படுத்தும் ரீப்பர் போன்றவையோ எதுவானாலும் சரி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆண்டுக்கு மாற்றாமல் இருப்பது எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம்.

பதிவு நாள்

முதல் நாளே கோப்புறையைத் திறந்து, பாட்டின் பெயர், வேகம், சுருதி, தேதி ஆகியவற்றை அதன் பெயரில் எழுதிவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற அமைப்பு வீட்டுப் பதிவுக்குத் தாராளம். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே அதைத் தாண்டிவிடுகிறது என்பதால், 96க்கும் 192க்கும் போவது வட்டை நிரப்புவதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்யாது. 24 பிட்டுக்குத்தான் நடைமுறைப் பயன் உண்டு. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடம் தருவதால், ஒலியைச் சிவப்புக் கோட்டுக்கு அருகே தள்ள வேண்டிய கட்டாயமே இல்லை. மிகப் பலமாகப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நின்றால் போதும். பயிற்சியின்போது பாடுவதைவிடப் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்ட பிறகு எல்லோரும் கூடுதல் பலத்தோடுதான் பாடுவார்கள். அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

நீங்கள் பாடியது ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்டால், அது லேட்டன்சி. 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் 256 சாம்பிள் என்றால் அதனால் மட்டுமே ஒரு வழியில் 5.3 மில்லி நொடி போகிறது; உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை, கூடவே கருவிகளின் சொந்தத் தாமதம் எல்லாம் சேர்ந்தால் பாடகர் தாளத்தை விட்டு இழுக்கத் தொடங்குவார். பதிவு செய்யும்போது பஃபரை 64க்கோ 128க்கோ குறைத்துக்கொண்டு, மிக்சிங்கின்போது (டிராக்குகளை ஒன்றாகக் கலக்கும்போது) 1024க்கு உயர்த்துங்கள். இன்டர்ஃபேஸில், கணினியைச் சுற்றாமல் குரலை ஹெட்போனுக்கு அனுப்பும் நேரடிக் கண்காணிப்பு வசதி இருந்தால் அதையே பயன்படுத்துவது இன்னும் நல்லது.

மைக்கை எங்கே வைப்பது என்பதை அளவுகோலால் தொடங்கலாம், காதால்தான் முடிக்க வேண்டும். கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலித்துளைக்கு நேரே மைக்கை வைத்தால் கீழ்ஸ்வரங்கள் பீப்பாயைத் தட்டுவது போல உப்பிக்கொண்டு வரும். மைக்கைக் கழுத்தும் உடலும் சேரும் இடத்தை ஒட்டிய 12ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே, 25 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாற்காலியோடு நீங்கள் சிறிது இடமும் வலமும் திரும்பியபடி ஒரே கார்டை வாசியுங்கள். ஓரிடத்தில் தந்தியை விரல் உரசும் ஓசையும் மரத்தின் ஆழமும் ஒன்றையொன்று மறைக்காமல் வரும். அங்கே தரையில் நாற்காலிக் கால்களைச் சுற்றி டேப்பை ஒட்டிவிடுங்கள். நாளைக்கு மறுபடி வாசிக்க நேர்ந்தால் அதே ஒலி கிடைக்க அந்த டேப்தான் உத்தரவாதம். குரலுக்கு ஒரு சாண் தொலைவு நல்ல தொடக்கம். நெருங்க நெருங்கக் குரலில் கீழ் அதிர்வுகள் கூடும். மெல்லிய குரலுக்கு இது கைகொடுக்கும், கனத்த குரலைக் குழப்பும். 'ப', 'ம்ப' போன்ற இடங்களில் காற்று வந்து மோதினால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே உயர்த்தி மூக்கை நோக்கி வையுங்கள்.

இனி மிக முக்கியமான ஒழுங்கு. ஒவ்வொரு டேக் முடிந்ததும் அதைப் போட்டுக் கேட்காதீர்கள். கேட்ட கணமே நீங்கள் பாடகர் நிலையிலிருந்து நீதிபதி நிலைக்கு மாறிவிடுகிறீர்கள். அடுத்த டேக்கில் பாட்டைப் பாடாமல் சென்ற டேக்கின் பிழையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை நான்கைந்து முறை நிறுத்தாமல் பாடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் குடியுங்கள், அச்சிட்ட தாளில் மனத்தில் பட்டதை ஒரு சொல்லில் குறியுங்கள், அறையை விட்டு வெளியேறுங்கள். தேர்ந்தெடுக்கும் வேலையை மறுநாள் பொறியாளராக வந்து உட்கார்ந்து செய்யுங்கள். வரிக்கு வரி வெவ்வேறு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டலாம் என்றாலும், ஒரே டேக்கிலிருந்து எவ்வளவு நீளமாக எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மூச்சின் ஓட்டம் அறுபடாமல் இருக்கும். முடிந்தால் பதிவு நாளில் உங்கள் ஊரின் இசை வட்டத்திலிருந்து ஒருவரை அழைத்து, பொத்தானை அழுத்தும் வேலையை மட்டும் அவரிடம் விடுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், கேட்பவர் ஒருவர் எதிரே இருக்கும்போது குரல் வேறு விதமாக வெளிப்படும்.

டிரம்ஸ், தவில் போன்ற பெருமுழக்க வாத்தியங்களைச் சிறிய அறையில் பதிவு செய்யப் பிரயாசைப்பட வேண்டாம். 1983 முதல் வழக்கிலுள்ள மிடி முறையில், வாசிப்பைக் கணினிக்கான கட்டளைகளாக எழுதி, நிரல்படுத்தலாம். அதைவிட, ஒத்திகை அறை வைத்திருக்கும் ஒரு தாளக் கலைஞரிடம் கோப்பை அனுப்பி வாசித்து வாங்கலாம். அப்படி அனுப்பும்போது பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்து தொடங்கும் வேவ் கோப்பு, தாளத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் டிராக், வேகம், சாம்பிள் விகிதம் (48 கிலோஹெர்ட்ஸ் போன்றது) ஆகிய நான்கும் இருந்தால் அவருக்கு ஒரு கேள்வியும் எழாது.

மிக்சிங்: எப்போது நிறுத்துவது

ஒலியை மாற்றும் துணை மென்பொருளான எந்த பிளக்-இன்னையும் போடாமல், ஒலி அளவுகளை மட்டும் ஏற்றி இறக்கி, இடம் வலம் பிரிக்காத மோனோவில், மெல்லிய ஒலியில் ஒரு சமநிலையைக் கொண்டுவாருங்கள். பாட்டின் முக்கால் பங்கு மிக்சிங் இங்கேயே முடிந்துவிடும். பல சிறிய அரங்குகளின் ஸ்பீக்கர்களும் கைபேசிகளும் ஏறக்குறைய மோனோவில்தான் ஒலிக்கின்றன என்பதால், அங்கே நிற்காத பாட்டு வேறெங்கும் நிற்காது. ஒலியைக் கூட்டினால் எல்லாம் நன்றாகக் கேட்பது ஒரு மாயை. மெல்லிய ஒலியில் காது கீழ் அதிர்வுகளைக் குறைவாகவும், ஒலி கூடும்போது அவற்றை விகிதத்துக்கு மேலாகவும் உணர்கிறது என்று ஃபிளெட்ச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரு மிதமான அளவைத் தீர்மானித்து, அந்தத் திருகில் பென்சிலால் கோடிட்டு, பெரும்பகுதி வேலையை அதிலேயே செய்யுங்கள். பிறகு குரலைத் தவிர்த்த டிராக்குகளில் தேவையற்ற அடிப்பகுதியை, அதிர்வு வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் வெட்டுங்கள். ரிவெர்ப் என்ற அறை எதிரொலியைக் கேட்கும் அளவுக்கு வைத்து, பிறகு சற்றுக் குறையுங்கள்.

நிறுத்துவதற்கு ஒரு விதி வேண்டும், ஏனெனில் உங்களைத் தடுக்க ஆளில்லை. மூன்று வடிவங்களுக்கு மேல் செய்வதில்லை என்று முதலிலேயே வகுத்துக்கொள்ளலாம். முதல் வடிவத்தை நீங்களே கைபேசியிலும், காரிலும், மலிவான இயர்போனிலும் கேட்டுக் குறிப்பெடுங்கள். இரண்டாவதை இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது இசைக்கலைஞராக இல்லாதிருப்பது நல்லது. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற பதிலே வரும். 'எந்த வரி காதில் விழவில்லை?', 'எந்த இடத்தில் கவனம் வேறு பக்கம் போனது?' என்று கேளுங்கள். பாடல் வரிகளை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே பழுது இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய ரசனையாக இருக்கலாம். மூன்றாவது வடிவம் இறுதி வடிவம்.

முடிந்த மிக்ஸுக்கு வெளியீட்டுக்கான இறுதி மெருகைத் தரும் மாஸ்டரிங்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவைத் தாங்களாகவே சமன்படுத்துகின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு, காது உணரும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகில், மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அதைவிடச் சத்தமாக நசுக்கி அனுப்பினால் தளம் குறைத்துவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துங்கள். உங்கள் மிக்ஸைக் கேட்டே இராத வேறொருவரிடம் மாஸ்டரிங்கை ஒப்படைக்க வாய்ப்பிருந்தால், இங்கே செலவழிப்பது தகும். காரணம், அப்போதுதான் ஒரு புதிய காது கிடைக்கிறது.

உள்ளூர் இசை வட்டத்துக்குள் நுழைவது

எந்த ஊரிலும் இசை வட்டம் என்பது ஐம்பது அறுபது பேர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதுதான். வாய்ப்புக் கேட்பதற்கு முன் சில மாதங்கள் பார்வையாளராகப் போங்கள். கடைசிக் குழு வாசித்து முடிக்கும் வரை இருங்கள். முதலில் வாசித்துவிட்டுத் தன் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுபவரை அமைப்பாளர்கள் மறப்பதில்லை. ஒலி அமைப்பாளரிடம் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். பிறகு திறந்த மேடை நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு பாடல்களோடு தொடங்குங்கள். முதல் தனி வாய்ப்பு பெரும்பாலும் 20 நிமிடமாக இருக்கும். அதற்கு நான்கு பாடல்கள் போதும், ஐந்தாவதைக் கையில் வைத்திருங்கள், ஆனால் நேரத்தைத் தாண்டாதீர்கள்.

வீட்டில் முப்பது டிராக்குகளில் கட்டிய பாட்டை ஒருவராக மேடையேற்றுவது எப்படி என்பதுதான் இங்கே உண்மையான சிக்கல். இரண்டு வழிகள் உண்டு. பாட்டை மீண்டும் ஒரு குரலும் ஒரு வாத்தியமுமாகச் சுருக்குவது முதல் வழி. கைபேசியில் பதிந்த அந்த முதல் வடிவம் இப்போது கைகொடுக்கும். பின்னணி டிராக்கை ஓடவிட்டு மேலே பாடுவது இரண்டாம் வழி. அதற்கு இடது சானலில் இசையையும் வலது சானலில் உங்கள் காதுக்கு மட்டுமான கிளிக்கையும் வைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் எது எந்தப் பக்கம் என்று ஒலி அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிளிக் அரங்கம் முழுவதும் ஒலித்தால் அந்த இரவு அதற்காகவே பேசப்படும். என் விருப்பம் முதல் வழி. ஒற்றை வாத்தியத்தோடு நிற்காத பாட்டு, டிராக்குகளோடும் அதிக நாள் நிற்பதில்லை.

என்னென்ன மைக், என்னென்ன இணைப்பு, மேடையில் எங்கே நிற்பீர்கள் என்று ஒரே பக்கத்தில் வரைந்து முன்னதாக அனுப்புங்கள். கிட்டாரையோ கீபோர்டையோ தொலைவிலுள்ள மிக்சருடன் இணைக்க டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வேண்டும், சாதாரணக் கேபிள் நீள நீள இரைச்சலை இழுத்துக்கொள்ளும் என்பதால். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னே போகாதீர்கள்; ஊளையிடும். காதுக்கு அடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்கான நன்கு அறியப்பட்ட பாதுகாப்பு வரம்பு; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ஒத்திகை அறைகளும் மேடைகளும் அந்த அளவை எளிதில் எட்டுகின்றன. நாளை மிக்சிங் செய்யப்போவதும் அதே காதுகள்தான்.

பணத்தைப் பற்றி நிகழ்ச்சிக்கு முன்பே பேசிவிடுங்கள்: நிலையான தொகையா, நுழைவுக் கட்டணத்தில் பங்கா, பங்கு என்றால் எதைக் கழித்த பிறகு என்பதை எழுத்தில், ஒரு குறுஞ்செய்தியிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாக வாசிக்கச் சம்மதிப்பது சில நேரம் நியாயமானதே. ஆனால் பிறர் கூலி கேட்கும் இடத்தில் நீங்கள் இலவசமாக வாசித்தால் அது உங்களோடு நிற்பதில்லை, அடுத்து வருபவரின் கூலியையும் அரிக்கிறது.

வட்டத்துக்கு நீங்கள் தரக்கூடியதும் ஒன்று உண்டு. உங்களிடம் பதிவு செய்யும் அறை இருக்கிறது. மேடையில் நன்றாகப் பாடும் பலரிடம் அது இல்லை. ஒருவரை அழைத்து அவருடைய பாடல் ஒன்றைப் பதிவு செய்து கொடுங்கள். பிறர் குரலில் எது குறை, எது அழகு என்று தீர்மானிப்பது உங்கள் குரலில் தீர்மானிப்பதைவிட எளிது, அந்தப் பழக்கம் பிறகு உங்கள் பாட்டுக்கும் வந்து சேரும். பதிலுக்கு அவர் உங்கள் பதிவு நாளில் வந்து அமர்வார். வெளியிலிருந்து வரவேண்டிய காது அப்படித்தான் கிடைக்கிறது.

எழுதி வைக்க வேண்டியவை

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு மற்றொன்று. நண்பர் ஒருவர் வந்து இடையிசையை வாசித்துக் கொடுத்தால், அவர் படைப்பில் பங்காளியா, பதிவில் மட்டும் பங்காளியா, கூலி பெற்று வாசித்தவரா என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். ஒரு தாளில் பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் பெயர், ஒவ்வொரு உரிமையிலும் அவரவர் விழுக்காடு ஆகியவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால் போதும். பத்து நிமிட வேலை. பாட்டு யாருக்கும் தெரியாதபோது கேட்கச் சங்கடமாக இருக்கும் கேள்வி, பாட்டு பரவிய பிறகு நட்பையே முறிக்கும். உங்கள் நாட்டில் பொது நிகழ்ச்சிகளுக்கும் ஒலிபரப்புக்கும் உரிமத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் படைப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்பிவைக்கும் விநியோகத் தளங்கள் பொதுவாக அதைத் தாங்களே தருகின்றன. விநியோகஸ்தரை மாற்றும்போது அதே குறியீட்டையே கொடுக்க வேண்டும். மேடைப் பதிவுக்கோ புது மிக்ஸுக்கோ புதுக் குறியீடு.

வெளியீடு

வெளியீட்டுத் தேதியைப் பாட்டு முடிந்த பிறகே அறிவியுங்கள். விநியோகத் தளத்துக்கு மூன்று நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். ஸ்பாட்டிஃபையில் வெளிவராத பாட்டைக் குறைந்தது 7 நாள் முன்பாக அதன் தேர்வுக் குழுவுக்கு முன்மொழிந்துவிட்டால், குழு எடுத்துக்கொள்ளாவிட்டாலும், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாடல் பட்டியலில் அது இடம்பெறும். வருமானத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்: 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலித்திராத பதிவுக்கு அந்தத் தளம் ஒலிப்பதிவு உரிமத்தொகை கணக்கிடுவதில்லை. கேட்பவர் நேரடியாக விலை கொடுத்து வாங்கும் பேண்ட்கேம்ப் போன்ற தளமும், நிகழ்ச்சி முடிந்ததும் மேசையில் வைத்து விற்கும் சிறு பதிப்பும் தொடக்க காலத்தில் இதைவிட அதிகம் தரும். வெளியீட்டு வாரத்திலேயே உள்ளூரில் ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டால், பாட்டைப் பற்றிப் பேச உங்களுக்கும் பிறருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

கடைசியாக, முடிந்த பாட்டைச் சேமிக்கும் முறை. மென்பொருள் கோப்பை மட்டும் வைத்திருப்பது போதாது. நான்கைந்து ஆண்டில் கணினி மாறும், பிளக்-இன் ஒன்று திறக்க மறுக்கும். ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ஜிய நொடியிலிருந்து இறுதி வரை வேவ் கோப்பாக, ஒருமுறை பிளக்-இன்களோடும் ஒருமுறை அவையில்லாமலும் ஏற்றுமதி செய்யுங்கள். குரலில்லாத இசை வடிவம் ஒன்றும், இசையில்லாத குரல் வடிவம் ஒன்றும் எடுத்து வையுங்கள். மேடைக்கு ஒன்று உதவும், யாராவது வேறு வடிவம் செய்யக் கேட்டால் மற்றொன்று உதவும். பாடல் வரிகள், கையெழுத்திட்ட பங்குத் தாளின் புகைப்படம், ஐ.எஸ்.ஆர்.சி. எண், மைக் வைத்த இடத்தின் குறிப்பு ஆகியவற்றையும் அதே கோப்புறையில் போட்டு, இரண்டு வெவ்வேறு வட்டுகளில் ஒவ்வொரு பிரதியும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதியுமாக மூன்று இடத்தில் வையுங்கள். வெளியே உள்ள பிரதியை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து, கோப்புகள் ஒலிக்கின்றனவா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.